அரிசிப் பானைக்குள் ஹார்ட் டிஸ்க்

கணினியில் செருகினால் திறக்காத ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே உயிர்ப்பிப்பது எப்படி என்று நம் ஊர்க் கணினிப் பண்டிதர் ஒருவர் எழுதிய கட்டுரை, தூத்துக்குடியில் கைபேசி வைத்திருக்கும் பலர் கண்ணிலும் ஒருமுறையாவது பட்டிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பேய்மழையில் நனைந்த டிஸ்க்குகளைப் பீரோவில் போட்டுவிட்டு, ‘என்றைக்காவது பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருக்கும் குடும்பங்களும் ஸ்டூடியோக்காரர்களும் உப்பள முதலாளிகளும் கப்பல் ஏஜென்ட் அலுவலகங்களும் இங்கே நிறைய. அவர்களுடைய நப்பாசைதான் அந்தக் கட்டுரையின் முதலீடு. வெறும் அசட்டுத்தனம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, குற்றுயிராய்க் கிடந்த டிஸ்க்கை முழுப்பிணமாக்கிவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை.

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் எதிர்த்தரப்பான பரபக்கத்தை முழுதாகச் சொல்லி முடித்துத்தான் தம் தரப்பான சுபக்கத்துக்கு வருகிறார். அந்த மரியாதையை நானும் நம் அண்ணாச்சிக்குத் தருகிறேன்; அவருடைய வாதங்கள் அதைத் தாங்குமா என்பது வேறு விஷயம். அவர் சொல்வது ஆறு. ஒன்று, டிஸ்க் திறக்கவில்லை என்றால் அது மென்பொருள் கோளாறுதான், கணினி ஃபார்மேட் கேட்டால் கொடுத்துவிட்டு அப்புறம் மீட்பு மென்பொருளை ஓட்டு. இரண்டு, நனைந்திருந்தால் பயப்படாதே, அது காற்றுப்புகாத பெட்டி, வெயிலிலோ அரிசிக்குள்ளோ வைத்துக் காயவைத்துச் செருகு. மூன்று, டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஃபிரீசரில் வை, இல்லாவிட்டால் அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டு. நான்கு, தரவு மீட்பு ஆய்வகங்கள் எல்லாம் பகல்கொள்ளை, அவர்கள் ஓட்டுவதும் இதே மென்பொருள்தான். ஐந்து, விண்வெளியிலிருந்து விழுந்த டிஸ்க்கையே மீட்டிருக்கிறார்கள், ஆகவே டிஸ்க்கில் எழுதியது எதுவும் அழிவதில்லை. ஆறு, அப்படியும் வராவிட்டால் போனது போகட்டும், இனிமேல் எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடு.

ஐந்தாவதையும் ஆறாவதையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். எதுவும் அழிவதில்லை என்று ஒரு பத்தியில் சத்தியம் செய்துவிட்டு, அழிந்தது போகட்டும் என்று அடுத்த பத்தியில் துக்கம் விசாரிக்கிறார். இடையில் மூச்சு வாங்கிக்கொண்டாரா என்றுகூடத் தெரியவில்லை. இருக்கட்டும், வரிசையாகவே போவோம்.

மணிமேகலை படித்தவர்களுக்கு, அதன் இருபத்தொன்பதாம் காதையில் ஏதுப்போலிகளைப் பட்டியலிடும் இடம் நினைவிருக்கும். அதில் அநைகாந்திகம் என்று ஒன்று உண்டு. ஒரே அறிகுறி பல காரணங்களுக்குப் பொதுவாக இருக்கும்போது, அதை வைத்து ஒரு காரணத்தை மட்டும் சாதிக்கும் பிழை அது. அண்ணாச்சியின் முதல் வாதம் அந்தப் பிழைக்கு எடுத்துக்காட்டாக வைக்கத் தக்கது. ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்பதற்கு, கோப்பு அட்டவணை சிதைந்திருப்பது காரணமாக இருக்கலாம். காந்தப் பரப்பில் சில பகுதிகள் படிக்க முடியாமல் போயிருக்கலாம். படிக்கும் தலைமுனையே தள்ளாடிக்கொண்டிருக்கலாம். ஏன், இருபது ரூபாய்க் கேபிளின் முனையில் உப்புக்காற்று பச்சை பூக்க வைத்திருப்பதும் காரணமாக இருக்கலாம். கணினிக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. தனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்பதை அது அந்த ஒரே வாக்கியத்தில்தான் சொல்லும். கணினிக்குத் தெரியாதது சரி, கணினியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவருக்கும் தெரிய வேண்டாமா?

ஃபார்மேட் என்கிற அந்த யோசனையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மீட்பு மென்பொருளுக்கு ஃபார்மேட் தேவையே இல்லை, அது சிதைந்த நிலையிலேயே டிஸ்க்கை நேரடியாகப் படிக்கும். கிறிஸ்தோஃப் கிரெனியே இலவசமாகவே கொடுத்து வைத்திருக்கும் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் இரண்டும் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஆக, அண்ணாச்சியின் முதல் படி எல்லாம் நல்லபடியாக நடந்தால் வீண்வேலை. அப்படி நடக்காவிட்டால்? விரைவு ஃபார்மேட் பழைய அட்டவணையின் மேலேயே புதிய அட்டவணையை எழுதும். முழு ஃபார்மேட்டோ, விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே, டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை நிரப்பிவிடுகிறது. எதைத் தேர்வு செய்ய வேண்டும் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதுபட்ட ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று உ.வே.சா. தம் சரித்திரத்தில் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். அவர்களுக்காவது ஓர் ஆகமம் இருந்தது. அண்ணாச்சிக்கு எந்த ஆகமம்?

செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தவர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொண்டை கிழியச் சொல்லிவருகிறார்கள். பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதாதே. செக்டிஸ்க் போட்டுப் ‘பழுது நீக்காதே’, ஏனென்றால் அதுவும் எழுதும். முதலில் அதை அப்படியே இன்னொரு நல்ல டிஸ்க்குக்குப் பிரதி எடு, மீட்பு வேலை எல்லாம் அந்தப் பிரதியின்மேல்தான். இதற்கென்றே அந்தோனியோ டியாஸ் எழுதிய டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. முதல் சுற்றில் சிரமமில்லாமல் படிக்க வருகிற பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொள்ளும். அடம்பிடிக்கும் இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துவிட்டுத் தாண்டிப்போகும். அப்புறம்தான் திரும்பி வந்து அவற்றைச் சிறிது சிறிதாகச் சுரண்டும். சாகக்கிடக்கும் டிஸ்க்குக்கு மிச்சமிருக்கும் ஆயுளை நல்ல பகுதிகளுக்கு முதலில் செலவிடும் அந்த நிதானத்தில் ஒரு விவேகம் இருக்கிறது. அதைப் பற்றி நம்மவர் கட்டுரையில் மூச்சே இல்லை. ஏன் இல்லை என்றால், பிரதி எடுக்க அதே அளவுள்ள இன்னொரு டிஸ்க் வாங்க வேண்டும். ‘பைசா செலவில்லாமல்’ என்று தலைப்பில் போட்டுவிட்டவர் அதை எப்படிச் சொல்வார்?

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன், இதுதான் நம் ஊருக்கு ஆகப் பெரிய கேடு செய்தது. ஹார்ட் டிஸ்க் காற்றுப்புகாத பெட்டி என்கிறார். சரி, வீட்டில் ஒரு பழைய டிஸ்க் இருந்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூடியின்மேல் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருக்கும். பல டிஸ்க்குகளில் அதன் பக்கத்திலேயே, இந்தத் துளையை மூடாதே என்று ஆங்கிலத்தில் அச்சிட்டும் இருக்கும். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்காக வடிகட்டியோடு வைத்த மூச்சுத்துளை அது. ஹீலியம் அடைத்து முத்திரையிட்ட பெரிய டிஸ்க்குகளுக்கு மட்டும்தான் அந்தத் துளை இல்லை. நம் வீட்டு மேசைகளில் கிடக்கும் கையடக்க டிஸ்க்குகள் அந்த ரகமல்ல. தூசியைத் தடுக்கும் வடிகட்டி வெள்ளத்தைத் தடுக்காது. டிஸ்க் தன் நெற்றியிலேயே எழுதி ஒட்டிக்கொண்டிருப்பதைக்கூட வாசிக்காத ஒருவர், அதற்குள்ளே இருப்பதை வாசித்துத் தருகிறேன் என்கிறார்!

அந்த டிசம்பர் மழையின்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணியும் உடைப்பெடுத்த குளங்களும் ஊருக்குள் கொண்டுவந்தது குடிதண்ணீரையா? வண்டலும் சாக்கடையும் உப்பளங்களின் உப்பும் கலந்த குழம்பு அது. அந்தக் குழம்பு மூச்சுத்துளை வழியே போய்ப் பளபளக்கும் தட்டின்மேல் படிந்திருக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும், அதன்மேல் படிக்கும் தலைமுனை மிதந்து செல்லும் உயரம் சில நானோமீட்டர்தான், ஒரு தலைமயிரின் பருமனோ அதைப்போல் பல ஆயிரம் மடங்கு. அந்த இடைவெளியில் காய்ந்த வண்டலின் ஒரு துகள் என்னவாகும் என்பதை ஊகிக்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. தலைமுனை மோதும், தட்டைக் கீறும், கீறிய இடத்தில் இருந்த தரவு தூளாகப் பறக்கும், அந்தத் தூளே அடுத்த கீறலுக்கு ஆயுதமாகும். இது நடப்பது வெள்ளத்தன்று அல்ல. காயவைத்து, நம்பிக்கையோடு, சாமி கும்பிட்டுவிட்டு மின்சாரம் கொடுக்கிற அந்தக் கணத்தில்.

தொழில்முறையாக மீட்கிறவர்கள் சொல்வது இதற்கு நேர் எதிரானது. நனைந்த டிஸ்க்கைக் காயவைக்காதே, காய்ந்தால் உப்பும் வண்டலும் தட்டோடு இறுகிவிடும். ஈரம் போகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்படியே அனுப்பு, கழுவுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அரிசி வைத்தியமோ கைபேசிக்கே பலிக்காத ஒன்று. அதைத் தட்டுச் சுழலும் டிஸ்க்குக்கு எழுதிக்கொடுத்தால், வண்டலோடு தவிட்டையும் சேர்த்துப் பரிமாறியதாக முடியும்.

மூன்றாவது, ஃபிரீசர். ஒரு காலத்து டிஸ்க்குகளில் சுழல்தண்டு இறுகிப்போய் நின்றுவிடும். குளிரில் உலோகம் சுருங்கிச் சில நிமிடம் ஓடியதுண்டு. அந்தத் தலைமுறை டிஸ்க் போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் கைவைத்தியம் மட்டும் ஆவியாக அலைகிறது. தூத்துக்குடிக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, ஃபிரீசரிலிருந்து எடுத்த சோடா பாட்டில் எப்படி வியர்க்கும் என்று எந்தப் பெட்டிக்கடையிலும் பார்க்கலாம். அதே வியர்வை டிஸ்க்கின் தட்டிலும் பூக்கும். வெள்ளத்தில் நனையாமல் தப்பிய டிஸ்க்கையும் நனைத்தே தீர்வேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்தான் இந்த யோசனையைச் சொல்ல முடியும்.

போர்டு மாற்றும் யோசனை இன்னும் ஒரு படி மேல். இன்றைய டிஸ்க் ஒவ்வொன்றின் போர்டிலும், அந்த டிஸ்க்கின் தலைமுனைகளுக்கே உரிய அளவீடுகள் தொழிற்சாலையில் பதியப்பட்டு ஒரு சிறு சில்லில் இருக்கின்றன. அந்தச் சில்லையும் எடுத்து வைத்துப் பற்றவைத்தால் ஒழிய, அதே மாடலின் போர்டு அடுத்த வீட்டுச் சாவிதான். கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் போன்றவற்றில், யூஎஸ்பி முனை போர்டோடு ஒன்றாகவே இருக்கும். நீங்கள் கடவுச்சொல் வைக்காவிட்டாலும் தரவு சங்கேதமாக்கப்பட்டே எழுதப்பட்டிருக்கும் வகைகளும் உண்டு. அங்கே பழைய போர்டைக் கழற்றிக் குப்பையில் போடுவது, பூட்டை உடைக்கத் தெரியாமல் திறவுகோலைக் கிணற்றில் எறிவது. இதையெல்லாம் அண்ணாச்சி அறியாமல் எழுதினாரா, அறிந்தே மறைத்தாரா? அறியாமல் என்றால் அவர் பண்டிதரல்லர். அறிந்தே என்றால், என்னவென்று வாசகரே சொல்லிக்கொள்ளலாம்.

நான்காவது வாதத்தில்தான் பூனைக்குட்டி வெளியே வருகிறது. ஆய்வகங்கள் கொள்ளைக்காரர்கள், அவர்களும் இதே மென்பொருளைத்தான் ஓட்டுகிறார்கள் என்று அரைப்பக்கம் பொரிந்து தள்ளியவர், கட்டுரையின் கடைசி வரியில் ‘இவை எதுவும் பலன் தராவிட்டால் நிபுணரை அணுகவும்’ என்று முடிக்கிறார். எந்த நிபுணரை? அந்தக் கொள்ளைக்காரரையா? அந்த வரியின் சூட்சுமம் வேறு. டிஸ்க் தற்செயலாகப் பிழைத்தால் பெயர் அண்ணாச்சிக்கு, செத்தால் பழி நிபுணருக்கு. அரைவைத்தியர்கள் எல்லோரும் கையாளும் உத்திதான்: கைவிட்ட நோயாளியைப் பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, ‘அங்கே கொண்டுபோய்த்தான் செத்தார்’ என்று ஊருக்குச் சொல்வது.

ஆய்வகத்தில் நடப்பது மென்பொருள் வேலை மட்டும் அல்ல. டிஸ்க்கைத் திறந்து, பழுதான தலைமுனைகளை எடுத்துவிட்டு, அதே ரக டிஸ்க்கிலிருந்து எடுத்தவற்றைப் பொருத்துகிறார்கள், அதுவும் தூசி வடிகட்டிய காற்று ஓடும் தூய அறையில். கட்டணம் பல்லாயிரங்களில் இருப்பது உண்மை. ஏமாற்றுக்காரர்கள் இருப்பதும் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏமாறாமல் இருக்கும் வழியை இந்தக் கரைக்குக் கட்டுரையாளரா கற்பிக்க வேண்டும்? முத்துச் சிலாபம் நடந்த காலத்தில், கண்ட இடத்தில் கல்லும் கயிறுமாகக் குதித்துவிட மாட்டார்கள். முதலில் பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அதில் தேறும் முத்தை மதிப்பிட்டபின்தான் குளிப்பா இல்லையா என்று முடிவாகும். அப்படிச் சோதித்துச் சோதித்து, 1961-க்குப் பிறகு இங்கே குளிப்பே இல்லை என்றானது. டிஸ்க்குக்கும் அதே ஒழுங்குதான். முதலில் நோயறிதல், என்ன கோளாறு, எவ்வளவு தேறும், என்ன செலவு என்று எழுத்தில் வாங்குவது, மீளும் கோப்புகளின் பட்டியலைப் பார்ப்பது, தரவு வராவிட்டால் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்பது. இந்த நான்கு கேள்விகளைச் சொல்லிக்கொடுத்திருந்தால் கட்டுரையாளரை நான் கும்பிட்டிருப்பேன். எளியவர்களின் பணத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, அவர்களைப் பேரம் பேசும் அறிவற்றவர்களாகவே வைத்திருப்பது என்ன வகைக் கருணை?

ஐந்தாவது வாதம் அவருடைய பிரம்மாஸ்திரம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறி விழுந்தது. அதிலிருந்த ஓர் ஆய்வின் டிஸ்க்கிலிருந்து கிட்டத்தட்ட 99 விழுக்காடு தரவை ஆன்ட்ராக் நிறுவனம் மீட்டது, 2008-இல் அந்த ஆய்வு முடிவு வெளியாகவும் செய்தது. எல்லாம் சரி. அவர் சொல்லாமல் விட்டதைச் சேர்த்துக்கொள்வோம். அதே விண்ணோடத்தின் இடிபாட்டில் கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. மீண்டது 400 மெகாபைட் டிஸ்க், தரவை அடர்த்தியில்லாமல் எழுதிய பழைய ரகம், டாஸ் இயங்குதளம் கோப்புகளைச் சிதறடிக்காமல் ஓரிடத்தில் வைத்திருந்தது, தட்டுகள் வளையவில்லை. அவற்றை வேதிக்கரைசலில் கழுவி, வேறு டிஸ்க்கின் உடலில் பொருத்தித்தான் படித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறேழு மாதம் ஏரிப்படுகையில் கிடந்த அந்த டிஸ்க்கை, கண்டெடுத்த எவரும் வீட்டுக்குக் கொண்டுபோய் லேப்டாப்பில் செருகிப் பார்க்கவில்லை. விண்ணிலிருந்து விழுந்தும் அது பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். தன் ஐந்தாவது வாதமே தன் முதல் மூன்று வாதங்களையும் தின்றுவிட்டது தெரியாமல் அண்ணாச்சி அதை எடுத்துவந்து நடுவீட்டில் வைத்திருக்கிறார். தரவு அழிவதில்லை என்பதையோ, இன்றைய எஸ்எஸ்டி வைத்திருக்கும் யாரிடமும் சொல்லிப் பார்க்கட்டும். அங்கே கோப்பை அழித்ததும் டிரிம் என்ற கட்டளை போய், அந்த இடத்தைச் சாதனமே துடைத்துவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

கடைசியாக, போனது போகட்டும், இனி கிளவுட். யாருடையது போகட்டும்? ஜிஎஸ்டி சட்டப்படி வணிகர் கணக்குகளை ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று ஏற்றுமதி செய்பவர் அதிகாரியிடம் அண்ணாச்சியின் கட்டுரையை நீட்டலாமா? ஸ்டூடியோக்காரரிடம் இருந்த கல்யாணப் படங்களைப் பெண்ணைப் பெற்றவரிடம் ‘போகட்டும்’ என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியுமா? ஃபார்மேட் செய்தபின் போட்டோரெக் வழியாக மீண்டு வந்த ஒரு கல்யாணத்தைப் பார்த்தேன். கோப்பின் பெயர்கள் எல்லாம் போய், எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு இலக்கங்களுமாக ஆயிரக்கணக்கில் கிடந்தன. நிச்சயதார்த்தம், மறுவீடு, வேறு யாரோ வீட்டுக் காதுகுத்து, இணையத்தில் பார்த்த சேலைப் படம், எல்லாம் ஒரே கும்பலில். பாதிப் படங்களில் மாப்பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. கோப்பு அட்டவணையை முதலில் காப்பாற்றியிருந்தால் ஃபோல்டர் ஃபோல்டராக வந்திருக்க வேண்டியது அது.

கிளவுட் என்பதும் எங்கோ ஓர் ஊரில் மின்சாரத்தில் ஓடும் டிஸ்க்தான். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, வேறு பிரதி வைக்காதவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோனில் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் மாற்றுப்பிரதி இல்லாமல் கருகின. போதாததற்கு, தானாக ஒத்திசையும் கிளவுடில் நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கிளவுட் தவறு என்று நான் சொல்லவில்லை, ஒன்றே ஒன்று என்பதுதான் தவறு. மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்று பீட்டர் கிரோக் என்ற புகைப்படக்காரர் வகுத்த விதியை உலகமே சொல்கிறது.

அதை வேறெவரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டியது இந்த முத்துக்குளித்துறை. இங்குள்ள பரதவ மக்களுக்காக ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது, அடியார் வரலாறு 1586-இல். முன்னதைப் பார்க்க இன்று ஹார்வர்டுக்குப் போக வேண்டும், பின்னதைப் பார்க்க வாத்திகனுக்கு. தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் தொடங்கிய தனிநாயகம் அடிகள், நம் முதல் அச்சு நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடிப்பிடித்து எழுத வேண்டியிருந்தது. யாருக்காக அச்சிட்டார்களோ அந்தக் கரையில் தங்காத நூல், ஒரு பிரதி கடல் கடந்து போயிருந்ததால் பிழைத்தது. அதற்கு ஃபிரீசரும் அரிசியும் தேவைப்படவில்லை.

ஆகவே அண்ணாச்சியின் கட்டுரைக்கு என் தீர்ப்பு இதுதான்: அது சொல்லும் ஆறில் ஐந்து டிஸ்க்கைக் கொல்லும் அல்லது கொலையை நியாயப்படுத்தும், ஆறாவது இழவுக்கு ஆறுதல் சொல்லும். வெள்ளம் எடுத்தது பாதி, மீதியை எடுப்பது இந்த வகைத் தைரியம். பீரோவில் நனைந்த டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதற்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள், ஃபார்மேட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருப்பது பணத்துக்குத் தகுமென்றால் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், தகாதென்றால் அப்படியே விட்டுவையுங்கள். நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்குக்கு இன்று இரவே ஒரு பிரதி எடுத்து, மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கட்டுரை உங்கள் கைபேசிக்கு மறுபடி வந்தால், அதை மட்டும் தயங்காமல் அழித்துவிடலாம்.